யோவாபின் கையில் என் கடிதம்

(சபைப் பொறுப்பாளர்களுக்கான வேதபாடம். வாசிக்கவேண்டிய பகுதிகள்: 2 சாமுவேல் 3:22–39, 11:14–25, 20:4–10, 1 இராஜாக்கள் 2:5–6, 28–34)



நான் முழுநேர ஊழியன் அல்ல. பகலில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் ஊழியம். எங்கள் சபை ஒரு தகரக் கொட்டகை. சுமார் தொண்ணூறு பேர் கூடிவருகிறோம். வேதாகமக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து டிப்ளமோ வாங்கியிருக்கிறேன். ஆசரிப்புக் கூடாரத்துக்கு எத்தனை பலகை, எத்தனை வெள்ளிப் பாதம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினவன். ஆனால் ஆராதனை ஆரம்பிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மைக் செட் போடுகிற சகோதரன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் மேய்ப்பன் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கடையில் வேலை செய்கிறவன் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் முதலாளி சம்பளத்தைக் கணக்குப் பார்த்து அனுப்பிவிடுவார். சபையில் அப்படி முடியுமா? பாய் விரிக்கிறவர், காணிக்கை எண்ணுகிறவர், சண்டே ஸ்கூல் நடத்துகிறவர், கன்வென்ஷனுக்கு அடுப்புப் பக்கம் நிற்கிற தாயார், இவர்கள் யாருக்கும் நாம் பத்துப் பைசா கொடுக்கிறதில்லை. தங்கள் கைக்காசைப் போட்டுச் செய்கிறார்கள். அதனாலேயே அவர்களில் ஒருவர் கடினமாக நடக்கும்போது நமக்கு வாய் அடைத்துப்போகிறது. "இவரும் போயிட்டா யார் செய்வா?" என்கிற பயம். அந்தப் பயத்துக்குத்தான் நாம் பல நேரம் "பொறுமை" என்று ஆவிக்குரிய பெயர் வைக்கிறோம்.

இதைத் தாவீதின் வாழ்க்கையில் பார்ப்போம்.

யோவாப் யார்? தாவீதின் சகோதரி செருயாவின் மகன் (1 நாளாகமம் 2:16). நம் ஊர் முறைக்குச் சொன்னால் மருமகன், சொந்த இரத்தம். உழைப்பாளி. எபூசியர்மேல் முதலாவது ஏறிப்போனவன் அவன்தான். தலைமைப் பதவி அப்படித்தான் கிடைத்தது (1 நாளாகமம் 11:6). ரப்பா பட்டணத்தைப் பிடிக்கிற நேரத்திலே, பெயர் தனக்கு வந்துவிடக்கூடாது, ராஜாவுக்கே வரவேண்டும் என்று ஆள் அனுப்பித் தாவீதை வரவழைத்தவன் (2 சாமுவேல் 12:27, 28). இப்படிப்பட்டவன் ஒருவன் நம் சபையில் இருந்தால் விட்டுவிடுவோமா? கவனியுங்கள், சபையில் கடினமான ஆள் என்று நாம் சொல்லுகிறவர் பெரும்பாலும் சோம்பேறி அல்ல. சோம்பேறியால் நமக்கு இவ்வளவு தலைவலி வராது. முதலாவது மதில் ஏறினவர்தான் அவர்.

அந்த யோவாப், சமாதானமாய் வந்துபோன அப்னேரை எப்ரோனின் வாசலில் வைத்துக் குத்திக் கொன்றான். எப்ரோன் அடைக்கலப்பட்டணம் (யோசுவா 20:7). கொலைசெய்தவன் ஓடிவந்து உயிர்பிழைக்கிற ஊர். அங்கே இது நடந்தது.

தாவீது என்ன செய்தான்? மூன்று காரியம் செய்தான். எல்லாரும் கேட்கும்படி யோவாபின் வீட்டாரைச் சபித்தான். யோவாபையே துக்கங்கொண்டாடப் பாடைக்கு முன்னே நடக்கவைத்தான். பிறகு தன் ஊழியக்காரரிடத்தில், ராஜாவாகியும் எனக்குப் பெலன் போதவில்லை, இந்தச் செருயாவின் பிள்ளைகளை என்னால் அடக்க முடியவில்லை என்கிற விதமாய்ப் புலம்பினான். யோவாபைத் தனியே கூப்பிட்டு, உட்காரவைத்து, "ஏன் இப்படிச் செய்தாய்? இனி என் சேனையில் இது நடக்காது" என்று பேசினதாக ஒரு வசனம் உண்டா? நான் தேடிப்பார்த்தேன். எழுதப்படவில்லை. பதவியும் அவன் கையிலேயே இருந்தது.

பிரியமானவர்களே, இது நம்முடைய கதை அல்லவா? மேடையிலிருந்து குத்திப் பேசுவோம். வீட்டில் மனைவியிடம் புலம்புவோம். ஊழியர் ஐக்கியத்தில் டீ குடிக்கும்போது மற்றப் பாஸ்டர்களிடம் சொல்லுவோம். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கைகுலுக்கி, "பிரைஸ் த லார்ட் பிரதர்" என்று சிரிப்போம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குள் தைத்தது. 2 சாமுவேல் 11-ம் அதிகாரம். உரியாவைக் கொல்லவேண்டும் என்று தாவீது கடிதம் எழுதினான். யாருக்கு? யோவாபுக்கு. எந்த முரட்டுத்தனத்தைக் குறித்துப் புலம்பினானோ, அதே முரட்டுத்தனம் தனக்குத் தேவைப்பட்டபோது உபயோகப்படுத்திக்கொண்டான். அந்தக் கடிதம் யோவாபின் கையில் போனபிறகு, அவனைக் கண்டிக்கிற வாய் தாவீதுக்கு எங்கேயிருந்து வரும்? அப்சலோமைத் தொடாதே என்று ராஜா கட்டளையிட்டிருந்தும் யோவாப் அவனைக் கொன்றான். அதன்பின் அமாசாவையும் கொன்றான்.

என் கடிதத்தைப் பற்றி இப்பொழுது எழுதுகிறேன். இதை எழுத எனக்குச் சந்தோஷமில்லை.

எங்கள் சபை 2012-ல் என் வீட்டுத் திண்ணையில் பதினொரு பேரோடு ஆரம்பித்தது. அந்தப் பதினொரு பேரில் ஒருவர் அந்த அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். கொட்டகை போட்டபோது ஒயரிங் முழுவதும் அவர் கையால் செய்தது, கூலி வாங்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் அவர் வாங்கிக்கொடுத்தது. சபைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். மழை, வெயில் எதுவானாலும் முதலில் வந்து கதவைத் திறக்கிறவர் அவரே. ஆனால் வாயைத் திறந்தால் ஆள் ஓடிப்போவார்கள்.

2022 ஜனவரியில் எங்கள் சபையிலிருந்த ஒரு குடும்பத்தார், கட்டட நிதிக் கணக்கைப் பார்க்கவேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார்கள். நான் பணத்தை எடுக்கவில்லை, கர்த்தர் அறிவார். ஆனால் நாலு மாதக் கணக்கு எழுதாமல் கிடந்தது. ஊரார் கடைக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன், கர்த்தருடைய வீட்டுக் கணக்கை எழுதாமல் விட்டிருந்தேன். வெட்கமாயிருந்தது. அந்த அண்ணனிடம், "அண்ணே, அவங்க வீட்டுப் பக்கம் போறப்போ ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றேன். அவர் எப்படிச் சொல்லுவார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் கேட்டுக்கு முன்னால் நின்று, தெருவே கேட்கும்படி, "தேவ ஊழியக்காரன்மேல சந்தேகப்படுறீங்களா?" என்று சத்தம்போட்டுவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. நான் அண்ணனை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளுக்குள் "அப்பாடா" என்றிருந்தது.

அடுத்த வருடம் மே மாதம், வி.பி.எஸ். பயிற்சிக்காகச் சனிக்கிழமை கொட்டகையைத் திறந்துவிடச் சொல்லி, பி.எட். படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டாள். சண்டே ஸ்கூலில் நாற்பது பிள்ளைகளைச் சேர்த்தவள் அவள். அண்ணன் சாவியைக் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னாலேயே, "நேத்து வந்த பிள்ளை, எனக்கு ஆர்டர் போடுறியா?" என்று கேட்டுவிட்டார். அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். அவளோடு இன்னும் இரண்டு ஆசிரியைகளும் நின்றுவிட்டார்கள். அந்த வருடம் எங்கள் சபையில் வி.பி.எஸ். நடக்கவில்லை.

அப்பொழுதாவது போய்ப் பேசினேனா? இல்லை. அடுத்த ஞாயிறு தியோத்திரேப்புவைப் பற்றிப் பிரசங்கித்தேன் (3 யோவான் 9, 10). சபையில் முதன்மையாயிருக்க விரும்பி, வருகிறவர்களை ஏற்றுக்கொள்ளாத மனுஷன். நாற்பது நிமிடம். அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் மாத்திரம் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து அவர் வந்து, "இன்னைக்குச் செய்தி நல்ல செய்தி பாஸ்டர். யாருக்குன்னுதான் தெரியல" என்றார். ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு நான் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உடன் ஊழியரே, பிரசங்கத்தில் எறிகிற கல் குறிவைத்தவர்மேல் விழுகிறதே இல்லை. வேறே யாராவது, மனச்சாட்சி மெல்லியவர்கள், அது தங்களுக்குத்தான் என்று வீட்டில் போய் அழுவார்கள்.

அதற்கு அப்புறம் நான் செய்தது அதைவிட மோசம். ஒரு வாலிபத் தம்பியை மேடையில் கூப்பிட்டு, இனி சவுண்ட் சிஸ்டத்தில் இவரும் உதவிசெய்வார் என்று அறிவித்தேன். அண்ணனிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேதத்தைத் திறந்து பாருங்கள். யோவாபோடு பேசாமல், அவன் இடத்தில் அமாசாவை வைப்பேன் என்று தாவீது ஆணையிட்டான் (2 சாமுவேல் 19:13). குத்துப்பட்டது யார்? தாவீதா? கிபியோனின் பெரிய கல்லண்டையில் இரத்தத்தில் புரண்டது அமாசா. அவனும் தாவீதின் இன்னொரு சகோதரியின் மகன்தான். எங்கள் தம்பிக்கும் அப்படியே நடந்தது. அடுத்த வாரம் மிக்சரின் ஒயர் எல்லாம் கழற்றிக் கிடந்தது. எது எங்கே போகும் என்று தெரியாமல் அவன் எல்லார் முன்பாகவும் திண்டாடினான். "உனக்கு எதுக்குத் தம்பி இந்த வேலை?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவன் மூன்று வாரம் வாலிபர் கூட்டத்துக்கும் வரவில்லை. பேசவேண்டிய பேச்சை நான் பேசாததினால், எனக்கு விழவேண்டிய குத்து ஒரு இருபது வயதுப் பிள்ளைக்கு விழுந்தது.

என் மனைவிதான் என்னைப் பிடித்தாள். "அண்ணன் செஞ்சது தப்புன்னு சொல்லப் போறதுக்கு முன்னாடி, அந்த வீட்டுக்கு அவரை அனுப்பினது நீங்கதான்னு சொல்லிட்டு ஆரம்பிங்க. இல்லன்னா அவர் அதைத்தான் முதல்ல எடுப்பார்" என்றாள். டிப்ளமோ எனக்கு, ஞானம் அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கடை அடைக்கிற நேரமாய்ப் போனேன். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு இப்படிப்பட்ட காரியத்தைப் பேசாதிருங்கள். அவருக்கும் பசி, நமக்கும் களைப்பு, சுற்றிலும் காது. போனில் பேசவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் நீளமாய் எழுதி அனுப்பவே வேண்டாம். பத்து நிமிடத்தில் அது இருபது பேரிடம் போகும். மத்தேயு 18:15 சொல்லுகிறபடி இருவர் மாத்திரம். இன்னும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது அடுத்த வசனத்துக்கு உரியது. அதை முதலிலேயே செய்தால் பஞ்சாயத்து என்று ஆகிவிடும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினபோது, வயதில் மூத்தவரைக் கடுமையாய்ப் பேசாமல் தகப்பனைப்போல நினைத்துப் பேசச் சொன்னான் (1 தீமோத்தேயு 5:1). ஆகையால் அவர் உட்காரச் சொல்லும்வரை நின்றேன்.

முதலாவது என் கடிதத்தைச் சொன்னேன். கணக்கு எழுதாமல் இருந்தேன், வெட்கப்பட்டு உங்களை அனுப்பினேன், நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று தெரிந்தே அனுப்பினேன், என்னை மன்னியுங்கள் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டெஸ்டரை எடுத்து மேஜைமேல் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். இங்கே ஒரு காரியம் கற்றுக்கொண்டேன். "நீங்க எப்பவும் இப்படித்தான்", "உங்க சுபாவமே அதுதான்" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். எந்த நாள், என்ன வார்த்தை, யார் அழுதது, அது மாத்திரம். அப்புறம் இனி எப்படி இருக்கும் என்று சொன்னேன்: சாவி மூன்று இருக்கும், ஒன்று உங்களிடம், ஒன்று சண்டே ஸ்கூலுக்கு, ஒன்று என்னிடம், அந்தத் தங்கச்சியிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், சவுண்ட் வேலையைத் தம்பிக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். உங்களை நான் விலக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "பதினோரு வருஷம் பாஸ்டர்! இது கர்த்தர் எனக்குக் கொடுத்த ஊழியம். நீங்க யாரு பங்கு போட?" என்றார். நம் பெந்தெகொஸ்தே சபைகளில் இந்த வார்த்தைக்குப் பதில் சொல்லுவது கடினம். கர்த்தர் கொடுத்தார் என்றால் அப்பீல் இல்லை. நாமும் அதையேதான் செய்கிறோம்; யாராவது கணக்குக் கேட்டால், அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று வசனத்தை எடுத்துக் கேடயமாய்ப் பிடிக்கிறோம். இரண்டு பக்கமும் கர்த்தருடைய நாமத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தினால் பேச்சு எப்படி நடக்கும்? நான் சொன்னேன், "கர்த்தர் கொடுத்ததுதான் அண்ணே. அந்தப் பிள்ளைக்கும் கர்த்தர்தான் கொடுத்தார்." அதற்குமேல் வாதாடவில்லை. ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

ஐந்து வாரம் அவர் வரவில்லை. முதல் ஞாயிறு மைக் கொய்யென்று கத்தியது. இரண்டாவது ஞாயிறு கரண்ட் போய், இன்வெர்ட்டர் எப்படிப் போடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மைக் இல்லாமல் பிரசங்கித்தேன். சபையில் சிலர், பாஸ்டர் நல்ல மனுஷனை விரட்டிவிட்டார் என்று முறுமுறுத்தார்கள். நான் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும். அவர் திரும்பி வர வழி அடைந்திருக்கும். வாரம் ஒருமுறை கடைக்குப் போய் நலம் விசாரித்தேன். மூன்றாவது தடவை டீ சொன்னார்.

ஐந்தாவது வாரம் அவரே பேசினார். "பாஸ்டர், கடையில இப்ப என் பையன் பேச்சுதான் எடுபடுது. வீட்டுல மருமக சொல்றதுதான். இந்தச் சாவி ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு." பதினோரு வருடம் கூடவே இருந்தும் இது எனக்குத் தெரியாது. அவர் வேலையைத் தெரிந்துவைத்திருந்தேன், அவரைத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். கடினமான ஆள் சொல்லுகிற எல்லாமே தப்பு என்று தள்ளிவிடக் கூடாது. அப்சலோமுக்காக அழுதுகொண்டு, தனக்காக உயிரைக் கொடுத்த ஜனத்தைத் தாவீது மறந்தபோது, எழுந்து வெளியே வந்து அவர்களோடே பேசுங்கள் என்று முகத்துக்கு முன்பாகச் சொன்னவன் யோவாப் (2 சாமுவேல் 19:5–7). ஜனத்தைத் தொகையிடவேண்டாம் என்று தடுத்தவனும் அவனே (24:3); தாவீது கேட்கவில்லை, தேசத்தில் கொள்ளைநோய் வந்தது. எங்கள் அண்ணனும் ரொம்ப நாளாய், "பாஸ்டர், பன்னிரண்டேகால் பஸ் போயிட்டா கிராமத்து ஜனம் ரெண்டரை வரைக்கும் ரோட்டுல நிக்குது. பிரசங்கத்தைச் சுருக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்க்கிறார் என்று நினைத்தேன். கைப்பிள்ளைக்காரிகள் வெயிலில் நின்றது உண்மைதான். இப்பொழுது பன்னிரண்டு மணிக்கு ஆசீர்வாதம் கூறிவிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பொறுமை செல்லாது என்பதையும் பொறுப்பாளர்கள் அறிந்திருக்கவேண்டும். கோபக்காரர், பிடிவாதக்காரர், பெயர் தேடுகிறவர், இவர்களோடு உட்கார்ந்து பேசலாம், காத்திருக்கலாம். காணிக்கையில் கைவைத்தவரை அந்தப் பொறுப்பில் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது. ஒரு பிள்ளையிடத்தில் தவறாய் நடந்தவர் என்று தெரியவந்தால், அது இருவர் தனித்துப் பேசி முடிக்கிற காரியமே அல்ல. 2012-ம் வருடத்துப் போக்சோ சட்டத்தின்படி அறிந்தவர் போலீசில் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் மறைத்தவரும் குற்றவாளி. 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணை எங்கள் சண்டே ஸ்கூல் சுவரில் ஒட்டியிருக்கிறோம். சபையின் பெயர் கெடும் என்று பிள்ளையைப் பலியாக்குகிறதற்கு வேதத்தில் ஒரு வசனமும் இல்லை.

இப்பொழுது எங்கள் சபையில் எந்தப் பொறுப்பும் ஒரு வருடத்துக்குத்தான். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு முந்தின வாரமே ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து, தொடருகிறீர்களா, இளைப்பாறுகிறீர்களா, யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்கிறேன். உதவிக்காரரைச் சேர்க்கும்முன் சோதித்தறியவேண்டும் என்று பவுல் எழுதினது (1 தீமோத்தேயு 3:10) முன்பெல்லாம் பரீட்சைக்கு எழுதின பதில். காணிக்கையை இரண்டு பேர் எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

தாவீது எப்ரோனில் பேசாமல் விட்டதை எருசலேமில் 33 வருடம் சுமந்தான். கடைசியில் மரணப்படுக்கையில், அதை மகன் சாலொமோனிடம் ஒப்படைத்தான். யோவாப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கையில் பெனாயா அவனை வெட்டினான். நமக்கு அடுத்து வரப்போகிற ஊழியக்காரனுக்கு எத்தனை யோவாப்களை நாம் எழுதிவைத்துவிட்டுப் போகப்போகிறோம்?

அண்ணன் திரும்பி வந்தார். அந்தத் தங்கச்சியிடம் மன்னிப்பு என்கிற வார்த்தையைச் சொல்லவில்லை. சண்டே ஸ்கூல் அறைக்கு ஒரு பேன் வாங்கி, தானே மாட்டிவிட்டு, "இனி பிள்ளைங்களுக்கு வேர்க்காதும்மா" என்றார். அவள் அதை ஏற்றுக்கொண்டாள். தம்பிக்கு ஒயரிங் கற்றுக்கொடுக்கிறார்; திட்டிக்கொண்டேதான் கற்றுக்கொடுக்கிறார்.

போன மாதம் நானும் அவரும் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தார் வீட்டுக்குப் போனோம். கேட்டுக்கு வெளியே நின்று அண்ணன், "உள்ள வரலாமா?" என்று கேட்டார். வரச்சொல்லி, காப்பி கொடுத்தார்கள். அவர்கள் இப்பொழுது வேறொரு சபைக்குப் போகிறார்கள். திரும்பி வருவதைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துப் பார்த்தார். அரைமணி நேரம் ஆயிற்று. 2021 நவம்பரில் பத்து மூட்டை சிமெண்டுக்கு வவுச்சர் இல்லையே என்றார். இல்லைதான். கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன்.

"சரி, கொண்டுவாங்க பாஸ்டர்" என்றார்.